எண்ணெய்க் கை

கோட்டிங் லைனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு வாட்டர் டெஸ்ட் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கழுவிய இரும்புத் துண்டைத் தூக்கிப் பிடி. தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய் போய்விட்டது, பாஸ். முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பத் தொட்டிக்கு அனுப்பு. கருவி வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் வீட்டில் தட்டு கழுவினால் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பேன். என் வீட்டுக்காரர், "ரிட்டயர்டு ஆகியும் தட்டுக்கு பாஸ் மார்க் போடறியே" என்று சிரிப்பார்.

அந்த டெஸ்ட் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தொட்டியில் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதையெல்லாம் இங்கே எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

எங்களுடையது தொழிற்பேட்டையின் பின்வரிசையில் ஒரு சின்னக் கம்பெனி. தகட்டை வளைக்கும் பிரஸ் ஷாப்புகளிலிருந்து எண்ணெய் பிசுபிசுக்கும் இரும்பு பிராக்கெட்டுகள் வரும். அவற்றை சோப்புத் தொட்டியில் முக்கி எண்ணெயை எடுத்து, அலசும் தொட்டியில் அலசி, காய வைத்து, கொக்கிகளில் மாட்டி, கறுப்புப் பவுடர் அடித்து அடுப்பில் சுட்டு அனுப்புவோம். இடையில் இன்னொரு ரசாயனக் குளியலும் உண்டு, அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. நான் அங்கே கெமிஸ்ட். லைனுக்கு சூப்பர்வைசர் வெங்கடேசப்பா. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், லைனில் திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று வைத்திருந்த மனிதர். கெட்டவர் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

காலை ஷிஃப்டில் பிராக்கெட்டுகளைக் கொக்கியில் மாட்டுவது சுகுணா. ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். புருஷனுக்குத் தக்காளி மண்டியில் மூட்டை ஏற்றும் வேலை. தக்காளி வரத்து இருந்தால் வேலை, இல்லையென்றால் வீடு. அதனால் வீட்டில் நிலையான சம்பளம் என்றால் அது சுகுணாவுடையதுதான். அதுவும் காண்டிராக்டர் கணக்கில் இருந்த சம்பளம். அந்த மாதம் அவளைக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காண்டீனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், என் பேரு போயிருக்குதுங்களா?" என்று கேட்பாள். நானும், "போயிருக்கும்மா, போயிருக்கு" என்பேன்.

அது கோடைக்காலம். போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. எங்கள் பிராக்கெட்டில் கறுப்புக் கோட்டிங் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. ஒன்று இரண்டு என்றால் மன்னிப்பார்கள். பெட்டி பெட்டியாக உரிந்திருந்தது. அவர்களுடைய குவாலிட்டி அதிகாரி மறுநாள் பெங்களூரிலிருந்து நேரில் வருகிறார், வரும்போது காரணம் என்னவென்று எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்பதை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். லைன் ஓரத்திலேயே நின்று பேசினோம். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் அதில் ஒரு படிகூடத் தர்க்கத்தில் தப்பு இல்லை. உரிந்தவை எல்லாம் காலை ஷிஃப்ட் லாட். மதியத்துக்குப் பிறகு ஓடியது ஒன்றும் உரியவில்லை. அலசும் தொட்டியிலிருந்து வரும்போது எல்லாமே வாட்டர் டெஸ்ட் பாஸ். அதுவும் சாதாரண பாஸ் இல்லை, கண்ணாடி மாதிரி தண்ணீர் வழிந்திருக்கிறது. ஆக, தொட்டியை விட்டு வரும்போது பிராக்கெட் சுத்தம். அதற்கப்புறம் அதை எது தொடுகிறது? கை. காலையில் யாருடைய கை?

வெங்கடேசப்பா சொன்னார்: "சார், அந்தம்மா தலைக்கு எண்ணெ வழிய வழிய வெச்சிக்கினு வருது. கொண்டைய சரி பண்ணதை நானே கண்ணால பாத்தன். அதே கைதான, அதே க்ளவுஸ்தான?"

சுகுணா பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லைனில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். மேனேஜர் அவளைப் பார்த்து, "ஏம்மா, தலையைத் தொட்டியா?" என்றார்.

"தொட்டங்க சார். ஒரு நாள் பின்னு அவுந்து போச்சு, ஒரே ஒரு தடவ தொட்டன். பொய் சொல்ல மாட்டன். அதுக்கு அத்தினி பொட்டியுமா சார் உரியும்?"

தொட்டேன் என்றாளே, அது போதுமானதாக இருந்தது. கையும் களவுமாகப் பிடித்த திருப்தி எல்லோர் முகத்திலும். பின்னால் யாரோ ஒரு பையன், "எண்ணெக் கை" என்றான். சிரித்தார்கள். அவளை அப்போதே க்ளவுஸைக் கழற்றச் சொல்லி, காண்டிராக்டர் வரும்வரை கேட் பக்கம் உட்காரச் சொன்னார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, காரணம் 'மாட்டுபவர் கை எண்ணெய்', தீர்வு 'ஆள் மாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் மேடம் என்றார்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த நிமிடத்தில் எனக்குக் கெமிஸ்ட்ரி எதுவும் ஞாபகம் வரவில்லை. என் கை தானாக என் பின்னலுக்குப் போனது. நானும் அன்று காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் வந்திருந்தேன். தினமும் அப்படித்தான். அந்தக் கையோடு லேபில் எத்தனையோ பிராக்கெட்டை எடுத்துப் பார்க்கிறேன், என்னை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் மெதுவாகப் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கை தொடாத பீஸ் ஒன்றாவது உரியாமல் நிற்கிறதா என்று பார்த்தோமா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல மேடம். அவர் கிளம்பிட்டார்."

"எங்கே வந்துகொண்டிருக்கிறார்?"

விசாரித்தார்கள். சந்தாபுரா தாண்டவில்லை. அந்த ரோட்டை அறிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அத்திப்பள்ளி டோலுக்கு வருவதற்குள் ஒரு அடுப்புச் சுற்று முடிந்துவிடும். என் வாழ்நாளில் பெங்களூர் டிராஃபிக்கை நான் வாழ்த்தியது அந்த ஒரு நாள்தான்.

லேபிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு போனேன். காலை ஷிஃப்ட் பிராக்கெட்டுகள் உலர்த்தியிலிருந்து வெளியே வந்ததும், சில பீஸ்களை இடுக்கியால் தூக்கி நானே கொக்கியில் மாட்டினேன். மனிதக் கை, க்ளவுஸ், துணி எதுவும் படவில்லை. அவற்றுக்குக் கம்பியில் சிவப்பு நூல் கட்டினேன். எல்லாவற்றோடும் சேர்ந்து பவுடர் அடித்து, சுட்டு, ஆறி வந்தன. பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டி இழுத்தேன்.

கோட்டிங் டேப்போடு வந்துவிட்டது. சிவப்பு நூல் பீஸ் அத்தனையும்.

வெங்கடேசப்பா டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப பவுடர்தான் மேடம் கெட்டுப்போயிருக்குது" என்றார். ஒரு ஆள் தப்பித்தால் அடுத்த ஆள். பவுடர் கெட்டிருந்தால் மதிய லாட்டும் உரிய வேண்டுமே என்றேன். யோசித்தார். காலைக்கும் மதியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மேனேஜர் அலுத்துக்கொண்டு கேட்டார். அதுதான் அன்றைக்கு அவர் கேட்ட நல்ல கேள்வி. அப்போதுதான் வாசலில் டேங்கர் ஹார்ன் அடித்தது.

டேங்கர் தினமும் உச்சிவேளைக்குத்தான் வரும். வந்ததும் அலசும் தொட்டிக்குப் புதுத் தண்ணீர். அது வரும்வரை, காலை ஷிஃப்ட் முழுக்க, முந்தைய நாள் தண்ணீரிலேயே அலசல். தண்ணீரை மிச்சம் பிடிக்க வழிந்தோடும் குழாயையும் சுருக்கிவிட்டிருந்தோம். நான் தொட்டிக்குப் போய்க் கையை விட்டேன். வழவழவென்று இருந்தது. அலசும் தொட்டி என்று பெயர்ப்பலகை தொங்குகிறது, உள்ளே இருப்பது நீர்த்த சோப்பு.

"வெங்கடேசப்பா, சோப்பு எவ்வளவு போடுகிறீர்கள்?"

அவர் தயங்கினார். "தண்ணி கம்மியா இருக்குதே, சுத்தம் பத்தாதுன்னு கொஞ்சம் சேத்துப் போடச் சொன்னன் மேடம். தப்புங்களா? டெஸ்ட் சூப்பராத்தான வந்துச்சு?"

தப்பு என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரை மிச்சம் பிடித்தோம். சுத்தம் குறையக் கூடாது என்று சோப்பைக் கூட்டினார். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தது. அந்த இரண்டு நல்ல எண்ணமும் சேர்ந்துதான் கோட்டிங்கை உரித்தது.

ஏன் என்று சொல்கிறேன். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். சோப்பு மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். தண்ணீருக்குள் இருக்கும்போது வால்கள் ஒன்றுகூடி எண்ணெயை நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். நாம் நம்பிச் சம்பளம் கொடுப்பது அந்த வேலைக்குத்தான். ஆனால் அதே சோப்பு இரும்பின் மேலும் போய்ப் படியும். தண்ணீரில் சோப்பு மிகுந்தால் இரும்பின் மேல் இரண்டு அடுக்காகப் படியும். கீழடுக்கின் வாலும் மேலடுக்கின் வாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கும். அந்த இரண்டு வால்களுக்கும் நடுவே எண்ணெய் சுகமாகக் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். நம்ம ஊர் பேக்கரி வெண்ணெய் பன் மாதிரிதான். வெளியே தொட்டால் வெறும் பன், வெண்ணெய் உள்ளே இருக்கும். மேலே தெரிவது தண்ணீரை விரும்பும் தலைகள் என்பதால், தண்ணீர் அதன்மேல் அழகாகப் படலம் போட்டு வழியும். நாம் பாஸ் என்று அனுப்புவோம். அடுப்புக்குப் போனதும் உள்ளே இருக்கும் எண்ணெய், கோட்டிங்கை இரும்பில் ஒட்டவிடாமல் தன் வேலையைக் காட்டும். எண்ணெயைக் கரைப்பதும் சோப்புதான், பிடித்து ஒளித்துவைப்பதும் அதே சோப்புதான்.

இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் பன் மட்டும்தான் புரிந்த மாதிரி இருந்தது. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று காண்டீனிலிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கி வரச் சொன்னேன். பாஸ் ஆன காலை பிராக்கெட் ஒன்றை எடுத்து, அதன் மேல் நல்ல தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றினேன். கேன் பாதி காலியாகும்வரை ஊற்றினேன். சோப்பு தண்ணீரோடு போகும், எண்ணெய்க்கு ஒட்டிக்கொள்ள இரும்பு மட்டும்தான் மிஞ்சும். பிறகு பிராக்கெட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்தது.

கொஞ்சம் முன்னால் கண்ணாடி மாதிரி வழிந்த அதே பிராக்கெட். வெங்கடேசப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு, "அய்யோ தேவுடா" என்றார்.

உண்மை தெரிந்துவிட்டது, எல்லாம் சுபம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் அன்றைய நாளின் கஷ்டமான பகுதி ஆரம்பித்தது. மேனேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், கை என்று சொன்னால் ஒரு ஆளோடு முடிந்துவிடும். தொட்டி என்று சொன்னால், டேங்கர் தண்ணீருக்கு மாறின நாளிலிருந்து போன காலை லாட் அத்தனையும் திரும்பி வரும். இப்போதைக்குக் கை என்று எழுதுவோம். தொட்டியை நாம் சத்தமில்லாமல் சரி செய்துகொள்வோம். அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கேயாவது நானே சொல்லிவிடுகிறேன்."

மனிதர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் அவர் பயம் பொய் இல்லை. ஆர்டர் போனால் அந்த லைனில் இருந்த எல்லோர் வீட்டு அடுப்பும் அணையும், என்னுடையதும் சேர்த்து. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கேட் பக்கம் பார்த்தேன். சுகுணா டிபன் பாக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க் கை என்ற பெயரோடு வெளியே போனால், இந்தப் பேட்டையில் எந்தக் காண்டிராக்டர் அவளைக் கோட்டிங் லைனில் நிறுத்துவான்? இங்கே காண்டிராக்டர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைப் பழமொழியாகப் படித்திருக்கிறேன், அன்றைக்கு அது என் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"சார், கை என்று நான் எழுத மாட்டேன். அது நடக்கவில்லை" என்றேன். "அடுத்த வாரமும் ஏதாவது உரிந்தால் யார் கையை எழுதுவீர்கள்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

குவாலிட்டி அதிகாரிக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். டிராஃபிக்கில் வெந்து வந்திருந்தார். நான் காபி கொடுக்கவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. நேராகத் தொட்டிக்குக் கூட்டிப் போய்க் கேன் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். சிவப்பு நூல் பீஸ்களைக் கொடுத்தேன். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எந்த நாளிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கத்தினார், நன்றாகவே கத்தினார். அத்தனை லாட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டார். போகும்போது என்னிடம், "இதையும் கை என்று எழுதித் தந்திருந்தால் நான் இனி உங்கள் பக்கம் வந்திருக்க மாட்டேன். போன மாதம் வேறொரு கம்பெனிக்காரர் அப்படித்தான் எழுதித் தந்தார்" என்றார். ஆர்டர் போகவில்லை. சோப்பைப் பழைய அளவுக்குக் குறைத்து, அலசும் தொட்டிக்குக் காலையிலும் புதுத் தண்ணீர் விட்டோம். லாட்டுகள் திரும்பி வந்தன, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உரித்துக் கழுவித் திரும்ப அடித்தோம்.

அன்று மாலை மேனேஜர் சுகுணாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா" என்றார். அவளும் சரிங்க சார் என்று போய்விட்டாள். அந்த மாதக் கடைசியில் அவளைக் கம்பெனிக் கணக்கிலும் சேர்த்தார்கள். விஷயம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன். சுகுணாவின் தலை பரட்டையாக, செம்பட்டை பாய்ந்து இருந்தது. முன்பெல்லாம் வகிடு எடுத்துப் பளபளவென்று வாரியிருப்பாள்.

"என்னம்மா, எண்ணெய் வைக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"வேணாங்க மேடம்."

"அதான் தொட்டின்னு தெரிஞ்சிடுச்சே."

"உங்களுக்குத் தெரியும், சாருக்குத் தெரியும். இங்க இருக்கறவங்க இன்னும் எண்ணெக் கைன்னுதான் கூப்புடறாங்க. அடுத்த தடவ ஒண்ணு உரிஞ்சா மொதல்ல என் தலையத்தான பாப்பாங்க? எதுக்குங்க மேடம்." சொல்லிவிட்டுக் கொக்கியில் அடுத்த பிராக்கெட்டை மாட்டினாள்.

பழி போட்டது லைனில், நாலு பேர் முன்னால். அதை எடுத்ததோ மேனேஜர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மேலே பார்த்தால் எல்லாம் சுத்தம், பாஸ். உள்ளே அது அப்படியே இருந்திருக்கிறது. தொட்டிக்குச் செய்யத் தெரிந்ததை மனிதருக்குச் செய்ய எனக்கு அத்தனை வாரமாகத் தோன்றவில்லை.

நான் வெங்கடேசப்பாவிடம் போனேன். மேனேஜரிடம் போயிருந்தால் அதற்கு ஒரு மீட்டிங் போட்டிருப்பார். வெங்கடேசப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காதைச் சொறிந்துகொண்டார். "இதுக்குப் போயி இவ்ளோ நாளா எண்ணெ வெக்காம இருக்குதா மேடம்?" என்றார். பிறகு லைன் பக்கம் போய்விட்டார். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குகிற நேரம். வெங்கடேசப்பா கன்வேயரை நிறுத்தச் சொன்னார். லைன் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். திட்டும்போது எந்தச் சத்தத்தில் பேசுவாரோ அதே சத்தத்தில், முதலில் தெலுங்கிலும் அப்புறம் தமிழிலும் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்குக் கோட்டிங் உரிஞ்சது சுகுணாம்மா கையால இல்ல. சோப்ப அதிகமாப் போடச் சொன்னது நான். என்னாலதான் உரிஞ்சது. இனிமே எவனாச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா, அவன அலசற தொட்டில முக்கிடுவன்."

பையன்கள் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை. க்ளவுஸை மாட்டிக்கொண்டு, "லைன ஓட்டுங்கண்ணா, நேரமாவுது" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கம்பெனியில் அதற்கப்புறம் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாஸ் ஆன பீஸ் ஒன்றை நல்ல தண்ணீரில் அலசி இரண்டாம் முறை தூக்கிப் பார்ப்பது ஒன்று. இடுக்கியால் மாட்டிச் சிவப்பு நூல் கட்டிய பீஸ் ஒன்றை லாட்டோடு அனுப்புவது இன்னொன்று. அந்தச் சிவப்பு நூல் பீஸை மாட்டும் பொறுப்பைச் சுகுணா கேட்டு வாங்கிக்கொண்டாள். உங்கள் லைனிலும் இந்த இரண்டையும் வையுங்கள். யார் மேலாவது பழி விழுவதற்கு முன்னாலேயே வையுங்கள்.

வெங்கடேசப்பா லைனை நிறுத்திப் பேசியதற்கு மறுநாள், நான் லேபில் இருந்தபோது கதவருகே தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. சுகுணா நின்றுகொண்டிருந்தாள். படிய வாரி, நெற்றியோரம் எண்ணெய் வழிய.

"பாத்துக்குங்க மேடம்" என்றாள். "இன்னிக்கு எல்லாத்தையும் நாந்தான் மாட்டப் போறன்."

அன்று ஓடிய லாட்டில் ஒரு பீஸ்கூட உரியவில்லை.